மினி டிராக்டருக்கு எக்ஸ்ட்ரா ஹைட்ராலிக் வால்வு போடலாமா வேண்டாமா, முடிவு பண்றது எப்படி?

18ல இருந்து 30 எச்பி வரைக்கும் மினி டிராக்டர் வெச்சிருக்கறவங்களும் புதுசா வாங்கப் போறவங்களும் அடிக்கடி கேக்குற கேள்வி இது. பின்னாடி ஆக்ஸிலரி வால்வு, அதாவது லிஃப்ட் போக வேற கருவிக்கும் ஆயில் அனுப்புற எக்ஸ்ட்ரா வால்வு, போட்டுக்கலாமா, டிப்பர் டிரெய்லர் ஓட்ட முடியுமா, முன்னாடி லோடர் மாட்டலாமானு. ஷோரூம்ல கேட்டா "போட்டுக்கோங்க சார், பின்னாடி உதவும்"னு சொல்வாங்க, பட்டறைல கேட்டா "அது என்னங்க பெரிய வேலை, அரை நாள்ல மாட்டித் தரேன்"னு சொல்வாங்க. அந்த வால்வுல எதைக் கொண்டு வந்து சொருகப் போறீங்க, அது வருஷத்துல எத்தனை நாள் ஓடும்னு ரெண்டு பேருமே கேக்க மாட்டாங்க. நீங்க அங்க இருந்து ஆரம்பிங்க, நிறைய பேருக்கு முடிவு அங்கயே வந்துடும்.

முதல்ல வண்டில ஏற்கனவே என்ன இருக்குனு பாத்துடுவோம். இன்ஜின் சுத்தும்போது கூடவே ஒரு சின்ன கியர் பம்பு சுத்துது, அது கியர்பாக்ஸ்ல இருக்குற ஆயிலையே உறிஞ்சி பின்னாடி லிஃப்ட் சிலிண்டருக்கு அனுப்புது, லிஃப்ட் கை மேல வருது. கீழ இறங்குறது கருவியோட சொந்த எடைல தான், ஆயில் அமுக்கி இறக்குறது இல்ல. இதோட சேர்த்து பிடிஓ சாஃப்ட், அதாவது இன்ஜின் பலத்துல பின்னாடி கருவிய சுத்த வைக்கிற தண்டு இருக்கு. நம்ம ஊர்ல மினி டிராக்டர் செய்யுற வேலைல பெரும்பகுதி இந்த ரெண்டுலயே முடிஞ்சுடும். ரோட்டவேட்டர், 5 கொத்து கல்டிவேட்டர், ஸ்லாஷர், தென்னை மட்டைய தூளாக்குற ஷ்ரெடர், குழி தோண்டுற ஆகர், கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துல ஓட்டுற மருந்தடிக்கிற மிஷின், இது எதுக்கும் தனி ஆயில் லைன் வேண்டாம், தூக்குறதுக்கு லிஃப்ட், சுத்துறதுக்கு பிடிஓ, அவ்ளோதான். ஒரு சில ஷ்ரெடர்ல மட்டைய உள்ள இழுக்குற ரோலர் ஹைட்ராலிக்ல ஓடும், வாங்கும்போது அதை மட்டும் கேட்டுக்கோங்க.

அப்போ எதுக்கு வேணும்? கருவி வண்டியோட கோத்து நிக்கும்போது அதுக்குள்ளயே ஏதாவது ஒண்ணு தனியா நகரணும், மடங்கணும், திரும்பணும்னா அதுக்கு வேணும். டிப்பர் டிரெய்லரோட தொட்டி சாயணும். ரிவர்சபுள் கலப்பைல ஹைட்ராலிக் மாடலா இருந்தா சால் முடியுற இடத்துல புரளணும். ரவுண்டு பேலர்ல பல மாடல்ல வைக்கோல் கட்டு வெளிய வர பின்கதவு தூக்கணும். மரத்துக்கு மரம் ஒதுங்கி ஒதுங்கி உழுற சைடு ஷிஃப்ட் ரோட்டவேட்டர் இருக்கே, அது பக்கவாட்டுல நகரணும். முன்னாடி டோசர் பிளேடு, லோடர். அப்புறம் டாப் லிங்க்க, அதாவது கருவியோட மேல்பக்கத்தை வண்டியோட இணைக்குற தண்ட, கைல திருகாம சீட்ல இருந்தே நீட்டிக் குறுக்குற ஹைட்ராலிக் டாப் லிங்க்.

ஒரு பேப்பர் எடுத்து உங்ககிட்ட இருக்குறதையும் அடுத்த ரெண்டு வருஷத்துல நிஜமாவே வாங்கப் போறதையும் எழுதுங்க, யூடியூப்ல பாத்து ஆசைப்பட்டதை எழுதாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எத்தனை அசைவுனு போடுங்க. டிப்பருக்கு ஒண்ணு, லோடருக்கு ரெண்டு, அதாவது கை ஏறி இறங்குறது ஒண்ணு பக்கெட் கவுக்குறது ஒண்ணு. அந்த பேப்பர்ல எதுவும் வரலைனா வால்வு வேண்டாம், காசுக்கு நல்ல வெயிட் வாங்கி முன்னாடி மாட்டுங்க, ரோட்டவேட்டரோட வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தூக்காம இருக்கும்.

இன்னொரு விஷயம், வருஷத்துக்கு ரெண்டு நாள் வேலைக்குனா வாடகையே மேல். லேசர் லெவலர் நல்ல உதாரணம், அதுக்கு ஹைட்ராலிக் வால்வு கட்டாயம் வேணும், ஆனா அது பொதுவா 50 எச்பி வண்டி சமாச்சாரம், அதை நினைச்சு 24 எச்பி வண்டில வால்வு போடுறது வீண். வேளாண்மைப் பொறியியல் துறைல மிஷின்கள மணிக்கணக்குல வாடகைக்கு விடுறாங்க, உழவன் செயலி மூலமா பதியலாம், உங்க பிளாக்ல என்ன இருக்குனு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் யோசிங்க.

பேப்பர்ல ஒண்ணு ரெண்டு வந்துச்சுனா அடுத்தது

உங்க வண்டி பம்பு எவ்ளோ ஆயில் தரும்னு பாக்கணும். ரெண்டு நம்பர் முக்கியம். எல்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர். இன்னொண்ணு பார், அதாவது பிரஷர். எல்பிஎம் தான் வேகம், பார் தான் பலம், இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு "வண்டி சின்னதாச்சே தூக்குமா"னு கேப்பாங்க. தூக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, சிலிண்டர் உள்விட்டம் 10 சென்டிமீட்டர்னா பத்தும் பத்தும் பெருக்கி அதை 0.785 ஆல பெருக்குங்க, 78.5 சதுர சென்டிமீட்டர். 150 பார் பிரஷர்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிலோ. மொத்தம் கிட்டத்தட்ட 12 டன் தள்ளுற பலம். 5 சென்டிமீட்டர் சிலிண்டரே 3 டன் தள்ளும். அதனால டிப்பர தூக்குறதுல சின்ன வண்டி தோக்காது. அந்த லோட இழுத்துக்கிட்டு மேட்டுல ஏறுறதும், அதைவிட முக்கியமா இறக்கத்துல பிரேக் புடிச்சு நிறுத்துறதும் தான் சின்ன வண்டியோட பிரச்சனை, வால்வு போட்டதால வண்டியோட எடையும் பிரேக்கும் கூடப் போறது இல்ல. 3 டன் ஏத்தி டிப் பண்ண முடியும்ங்குறதுக்காக 3 டன் ஏத்திக்கிட்டு ரோட்டுல போகாதீங்க.

எல்பிஎம்முக்கு வருவோம். உதாரணத்துக்கு 20 எல்பிஎம் பம்பு, 150 பார்னு வெச்சுக்கோங்க. ரெண்டையும் பெருக்கி 600 ஆல வகுத்தா 5 கிலோவாட், கிட்டத்தட்ட ஆறே முக்கால் எச்பி. சிலிண்டர நீட்டுறதுக்கு இது தாராளம். ஆனா ஹைட்ராலிக் மோட்டார் வெச்சு எதையாவது தொடர்ந்து சுத்த விடணும்னு நினைச்சா, பம்பு குடுக்குறதே அவ்ளோதான், அதுலயும் நஷ்டம் போக இன்னும் கம்மி. ஹைட்ராலிக் மோட்டார்ல ஓடுற புல்வெட்டி, மல்ச்சர் எல்லாம் வெளிநாட்டு வீடியோல நல்லாத்தான் இருக்கும், நம்ம மினி வண்டில அதை எதிர்பாக்காதீங்க, பிடிஓல ஓடுறதையே வாங்குங்க.

புக்குல போட்டிருக்குற எல்பிஎம்ம அப்படியே நம்பாதீங்க. அது இன்ஜின் ஃபுல் ஆர்பிஎம்ல வர்ற அளவு, பாதி ரேஸ்ல பாதி தான் வரும். பவர் ஸ்டியரிங் வண்டினா ஸ்டியரிங்குக்குப் போறதையும் சேர்த்து ஒரே நம்பரா போட்டிருக்காங்களானு கேளுங்க. அளந்து பாக்கணும்னா சுலபமான வழி, அளவு தெரிஞ்ச சிலிண்டர் ஒண்ணை மாட்டி செல்ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல நீளுற நேரத்தைப் பாருங்க. மேல சொன்ன 10 சென்டிமீட்டர் சிலிண்டர் 90 சென்டிமீட்டர் நீளுதுனா உள்ள போற ஆயில் 7 லிட்டர், ஃபுல் ரேஸ்ல 20 எல்பிஎம் வந்தா அதுக்கு 21 செகண்டு ஆகணும், 40 செகண்டு ஆச்சுனா பம்பு தேஞ்சிருக்கு, இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு, இல்ல ஆயில் கம்மி. அதைச் சரி பண்ணாம புது வால்வு போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஏற்கனவே லிஃப்ட் தூக்க திணறுற வண்டிக்கு வால்வு மாட்டுறது அடி ஓட்டையான குடத்துக்கு மூடி வாங்குற மாதிரி.

அந்த 7 லிட்டர் எங்க இருந்து வருதுனு யோசிச்சீங்களா? கியர்பாக்ஸ்ல இருந்து. டிரெய்லர் மேல நிக்குற நேரம் முழுக்க உங்க கியர்பாக்ஸ்ல 7 லிட்டர் குறைவா இருக்கு. பெரிய வண்டிக்கு இது ஒண்ணும் இல்ல, மினி வண்டில மொத்த ஆயிலே கம்மிங்குறதால லெவல் சட்டுனு இறங்கி பம்பு காத்த உறிஞ்ச ஆரம்பிச்சுடும், அதுலயும் சரிவுல நின்னா கேக்கவே வேண்டாம். அறிகுறி என்னனா பம்பு கீச்சுனு கத்தும், ஆயில் மோர் மாதிரி நுரைச்சு வெளுத்துப் போகும், டிரெய்லர் உதறி உதறி ஏறும். அதனால வெளிய எத்தனை லிட்டர் எடுக்கலாம்னு மேனுவல்ல போட்டிருக்கானு பாருங்க, இல்லைனா கம்பெனி சர்வீஸ் ஆளுங்கிட்ட கேளுங்க. விட்டம் பெருசா இருக்குற ஜாக்கி, அதாவது தொட்டிய தூக்குற சிலிண்டர், போட்ட டிரெய்லர் மினி வண்டிக்கு ஆகாதுங்குறது இதனால தான். டிரெய்லர் செய்யக் குடுக்கும்போதே "வண்டி மினி வண்டிங்க, ஜாக்கி சின்னதா போடுங்க"னு சொல்லிடுங்க, பலம் எப்படியும் மிச்சம் தான்.

எப்படியெல்லாம் மாட்டலாம்

நாலு வழி இருக்கு, விலையும் தலைவலியும் வேற வேற.

ஒண்ணு, லிஃப்டுக்குப் போற லைன்லயே ஒரு டேப்பிங் எடுத்து குழாய வெளிய கொண்டு வர்றது. ரொம்ப காலமா நம்ம ஊர்ல டிப்பருக்கு ஓடுறது இந்த முறை தான், லிஃப்ட் லிவரையே தூக்குனா டிரெய்லர் ஏறும், இறக்குனா இறங்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளுற சிங்கிள் ஆக்டிங் சிலிண்டருக்கு (ரெண்டு பக்கமும் தள்ளுறது டபுள் ஆக்டிங்) இது போதும், செலவும் கம்மி. லிஃப்ட் கையும் கூடவே தூக்காம இருக்க ஐசோலேட்டர் வால்வு வேணும். வெறும் டிப்பர் மட்டும் தான் உங்க பேப்பர்ல இருந்துச்சுனா இதோட நிறுத்திக்கோங்க, ரெண்டு லிவர் நாலு குழாய்னு போக வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவது, கம்பெனியோட ஒரிஜினல் ஆக்ஸிலரி வால்வு கிட். பல மாடலுக்கு ஆப்ஷனா வருது. விலை கூட, ஆனா பிராக்கெட், குழாய், லிவர் எல்லாம் அந்த வண்டிக்குனே செஞ்சது, வாரண்டிக்கும் வம்பு இல்ல. புது வண்டி வாங்குறவங்க வாங்கும்போதே பேரம் பேசிப் போட்டுக்கிறது தான் புத்திசாலித்தனம், டெலிவரி எடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சுப் போய் கேட்டா அந்த விலைக்குத் தர மாட்டாங்க.

மூணாவது, வெளி மார்க்கெட் மோனோபிளாக் வால்வு, அதாவது ஒரே இரும்புக் கட்டில செஞ்ச வால்வு, வாங்கி பட்டறைல மாட்டுறது. இதுல தான் நிறைய வண்டி கெட்டுப் போகுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். மினி டிராக்டர்ல பெரும்பாலும் ஓப்பன் சென்டர் சிஸ்டம், அதாவது லிவர் எதுவும் தொடாம இருந்தாலும் பம்பு ஆயில் வால்வு வழியா சுத்திக்கிட்டே இருக்கும். பம்புக்கும் லிஃப்டுக்கும் நடுவுல புது வால்வு வைக்கும்போது அதுல பவர் பியாண்ட்னு ஒரு தனி வாசல் இருக்கணும். ஆயில் உள்ள வர்ற வாசல் ஒண்ணு, டேங்குக்கு, அதாவது நம்ம வண்டில கியர்பாக்ஸுக்கு, திரும்புற வாசல் ஒண்ணு, இந்த பவர் பியாண்ட் மூணாவது, அதுல இருந்து தான் லிஃப்டுக்குப் போகணும். பவர் பியாண்ட் இல்லாத வால்வ வாங்கிட்டு வந்து டேங்க் வாசல்ல இருந்தே லிஃப்டுக்குக் குழாய் விட்டுடுறாங்க. முதல் நாள் எல்லாம் வேலை செய்யும். லிஃப்ட்ல கனமா ஏதாவது தூக்குனதும் அந்த பிரஷர் முழுக்க டேங்க் வாசல்ல ஏறும், அந்தப் பக்கம் அவ்ளோ பிரஷர் தாங்குறதுக்கு செஞ்சது இல்ல, சீல் பிதுங்கும், சில சமயம் வால்வு பாடியே விரிசல் விடும்.

அடுத்தது ரிலீஃப் வால்வு. சிலிண்டர் கடைசி வரைக்கும் நீண்டு நின்னப்புறம் நீங்க லிவர புடிச்சுக்கிட்டே இருந்தா ஆயில் எங்கயாவது போகணும்ல, அதுக்கு வழி விடுறது இது தான். உங்க வண்டியோட ரிலீஃப் லிஃப்ட் பக்கம் இருந்து, புது வால்வு அதுக்கு முன்னாடி வந்துடுச்சுனா, புது வால்வுலயே ஒரு ரிலீஃப் இருந்தாகணும், அதுவும் வண்டியோட பிரஷருக்கு செட் பண்ணிருக்கணும். இல்லைனா பம்பு உடையும், மிகைப்படுத்தல, கியர் பம்பு ஆயில வெளிய தள்ளியே தீரும், வழி இல்லைனா பலவீனமான இடத்துல வழி பண்ணிக்கும். மெக்கானிக்கிட்ட "பவர் பியாண்ட் எங்க வருது, ரிலீஃப் எத்தனை பார்ல வெக்கப் போறீங்க"னு ரெண்டே கேள்வி கேளுங்க. பதில் வரலைனா, "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்"னு வந்தாலும், வேற பட்டறை பாருங்க.

நாலாவது வழி டைவர்ட்டர். ஏற்கனவே ஒரு வால்வு இருக்கு, கூட ஒரு அசைவு வேணும், ரெண்டும் ஒரே நேரத்துல வேண்டாம்னா, 12 வோல்ட்ல வேலை செய்யுற சோலினாய்டு டைவர்ட்டர் போட்டு ஒரே லிவர ரெண்டா பிரிச்சுக்கலாம். லிவர் குமிழ்ல பட்டன், அமுக்கிக்கிட்டு தள்ளுனா இன்னொரு சிலிண்டர் நகரும். லோடர்ல பக்கெட்டோட கூட புடிமானம் மாதிரி ஏதாவது மாட்டுறவங்களுக்கு இது சிக்கனம். ஃபியூஸ், ரிலே போட்டு வயரிங் பண்ணச் சொல்லுங்க, ஹாரன் வயர்ல இருந்து இழுக்க விடாதீங்க.

பிடிஓல தனி பம்பு, தனி டேங்கு வெச்சு ஓட்டுறதும் உண்டு, பேக்ஹோ மாட்டுற ஆளுங்க அப்படித்தான் பண்றாங்க. வண்டி ஆயில் தொடவே தொடாதுங்குறது அதோட பெரிய நிம்மதி. ஆனா பிடிஓவ அது புடிச்சுக்கும், டேங்கோட எடை வேற, சும்மா டிப்பருக்கெல்லாம் அது ஓவர்.

லோடர் பத்தி தனியா

முன் லோடர் ஆசை இருக்குறவங்களுக்கு என் கருத்து கொஞ்சம் கறாரா இருக்கும். உங்க மாடலுக்குனு கம்பெனி லோடர் தர்றாங்க, இல்ல அவங்க ஒத்துக்குற லோடர் இருக்குனா போடுங்க. லோக்கல்ல சேனல் வெட்டி வெல்டு பண்ணித் தர்றதுனா வேண்டாம். ஹைட்ராலிக் அங்க சின்ன விஷயம், பக்கெட்ல 300 கிலோ எரு அள்ளி முன்னாடி நீட்டுனா முன் ஆக்சில்ல ஏறுற பாரம், சேசிஸ் முறுக்கு, பின்சக்கரம் லேசாகிறது, இதுக்கெல்லாம் அந்த வண்டி செஞ்சிருக்காங்களாங்குறது தான் கேள்வி. போடுறதா இருந்தா ஜாய்ஸ்டிக் டைப் ஒரே லிவர்ல ரெண்டு அசைவும் வர்ற வால்வா, கை இறங்குற பக்கம் ஃப்ளோட் பொசிஷன் இருக்குறதா வாங்குங்க. ஃப்ளோட்னா லிவர கடைசி வரைக்கும் தள்ளி விட்டா அங்கயே நிக்கும், பக்கெட் தரையோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி தானா ஏறி இறங்கும். களத்தை வழிக்கும்போது இது இல்லைனா ஒண்ணு தரைய நோண்டும், இல்ல அந்தரத்துல போகும். பின்னாடி ரோட்டவேட்டரோ வெயிட்டோ இல்லாம லோடர் ஓட்டவே கூடாது.

லிவர் தேர்வுல டிப்பருக்கு வேற மாதிரி. அங்க கை எடுத்ததும் நடுவுக்குத் திரும்புற ஸ்பிரிங் லிவர் தான் நல்லது, புடிச்சுக்கிட்டே நிக்குற டைப் போட்டா மறந்துட்டு இறங்கி அந்தப் பக்கம் போயிடுவோம். ஹைட்ராலிக் டாப் லிங்குக்கு சிலிண்டர்லயே லாக் வால்வு இருக்கணும், இல்லைனா ஓட்ட ஓட்ட மெதுவா நீண்டுக்கிட்டே போய் ரோட்டவேட்டர் ஆழம் மாறிடும். சொல்லப்போனா ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டுறவங்களுக்கு டாப் லிங்க் ஹைட்ராலிக்ல வேணுமாங்குறதே எனக்கு சந்தேகம், ஒரு தடவை திருகி வெச்சா சீசன் முழுக்க அப்படியே ஓடுது.

அழுக்கு

வால்வு போட்ட வண்டி பின்னாடி கெட்டுப் போறதுக்கு வால்வு காரணமா இருக்கிறது கம்மி, கப்ளர், அதாவது கருவியோட குழாய வண்டில சொருகுற இணைப்பு, அது வழியா உள்ள போற அழுக்கு தான் காரணம். இது வரைக்கும் உங்க கியர்பாக்ஸ் ஆயில் வெளி உலகத்தைப் பாத்ததே இல்ல. கப்ளர் போட்ட நாள்ல இருந்து ஒவ்வொரு தடவை சொருகும்போதும் மண்ணு உள்ள போக வாய்ப்பு. பக்கத்து தோட்டத்து டிரெய்லர வாங்கி மாட்டுனீங்கனா அதோட ஜாக்கில கிடக்குற பழைய ஆயில், அது எந்த வண்டி ஆயிலோ, எத்தனை வருஷ ஆயிலோ, இறக்கும்போது நேரா உங்க கியர்பாக்ஸுக்கு வருது. தண்ணி கலந்திருந்தா அதுவும் வரும். அதனால இரவல் டிரெய்லர மாட்டுறதா இருந்தா முதல்ல அதோட ஜாக்கி ஆயில ஒரு பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வெளிச்சத்துல பாருங்க. கறுப்பா, பாலா, மினுமினுனு இரும்புத் தூளோட இருந்தா மரியாதையா திருப்பி அனுப்பிடுங்க, சங்கடமா இருந்தாலும் பரவால்ல.

கப்ளருக்கு மூடி கண்டிப்பா வேணும், ஆண் பெண் ரெண்டு பக்கமும். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் நூலா பிரிஞ்சு உள்ள போகும், பழைய வேட்டித்துணி நல்லது. அப்புறம் கப்ளர் சொருகவே முடியாம சிலர் சுத்தியலால தட்டுவாங்க, அது என்னனா கருவிய கழட்டி வெயில்ல விட்டிருப்பாங்க, குழாய்க்குள்ள மாட்டிக்கிட்ட ஆயில் சூட்டுல விரிஞ்சு பிரஷர் ஏறி நிக்குது, அதை எதிர்த்து எந்தக் கையும் தள்ள முடியாது. கழட்டுறதுக்கு முன்னாடியே கருவிய தரைல இறக்கி, இன்ஜின ஆஃப் பண்ணி, லிவர முன்னாடி பின்னாடி ரெண்டு தடவை ஆட்டிட்டு கழட்டுனா இந்தத் தொல்லை இல்ல. மறந்துட்டீங்கனா நிழல்ல இழுத்து விட்டு ஈரத்துணி சுத்தி ஆற விடுங்க.

குழாய் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒரு கம்பி வலை உள்ள 3/8 இன்ச் ஆர்1 குழாய் 180 பார் வரைக்கும், ரெண்டு வலை உள்ள ஆர்2 330 பார் வரைக்கும். மினி வண்டி பிரஷருக்கு ஆர்1 கணக்குல ஒத்து வரும், ஆனா வயல்ல உரசி, வெயில்ல காஞ்சு கிடக்குற குழாய்க்கு ஆர்2 போடுங்க, வித்தியாசம் பெருசா இருக்காது. கிரிம்பிங், அதாவது குழாய் முனைல ஃபிட்டிங்க அமுக்கிப் புடிக்க வைக்கிறது, நல்ல மிஷின்ல போடணும், போர்வெல் ரிக் வண்டிங்க நிறைய இருக்குற திருச்செங்கோடு பக்கம், இல்ல கோவை, நாமக்கல் மாதிரி ஊர்ல ஹைட்ராலிக் ஓஸ் கடைங்க இருக்கு, அந்த ஆளுங்களுக்கு இந்த வேலை தினசரி பொழப்பு. பழைய குழாய்ல கிளாம்ப் போட்டு இறுக்குற வேலை வேண்டவே வேண்டாம்.

காசு கணக்கு

உங்க ஊர் ரேட்ட நீங்களே போட்டுக்கோங்க, வழிய மட்டும் சொல்றேன். வால்வு, குழாய், கப்ளர், கூலி, எறங்குன ஆயிலுக்கு பதில் புது ஆயில், டிரெய்லருக்கு ஜாக்கி, எல்லாம் சேர்த்து 30,000 ஆகுதுனு வெச்சுக்குவோம். ஒரு லோடு எருவ கையால இறக்க ரெண்டு ஆள் அரை மணி நேரம், கூலி ஒரு நாளைக்கு 800, எட்டு மணி நேரம்னா ஒரு லோடுக்கு மிச்சம் 100 ரூபா. அப்போ 300 லோடு அடிச்சா தான் போட்ட காசு திரும்பும். வருஷத்துக்கு 30 லோடு தான் அடிப்பேன்னா பத்து வருஷம், யோசிக்கணும். 150 லோடுனா ரெண்டு வருஷம், தாராளமா போடலாம். கூலி குடுத்தாலும் ஆள் வரல, எரு ரோட்டோரம் கிடக்குதுங்குற ஊரா இருந்தா இந்தக் கணக்க தூக்கிப் போட்டுட்டு மாட்டிடுங்க, அங்க பிரச்சனையே வேற.

வாரண்டில இருக்குற வண்டினா வெளி ஆள் கைய வைக்கிறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட எழுத்துல வாங்குங்க. வாயால "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னது பின்னாடி பம்பு போனப்போ உதவாது. வாங்கும்போது வித்த ஆளும் சர்வீஸ்ல நிக்கிற ஆளும் ஒருத்தரே இல்ல.

நேர்ல பாத்து முடிவு பண்ணணும்னா கோவைல கொடிசியா நடத்துற அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்குப் போயிட்டு வாங்க, கருவிகள வரிசையா நிறுத்தி வெச்சிருப்பாங்க, "உங்க கருவிக்கு எத்தனை எல்பிஎம், எத்தனை பார், சிங்கிள் ஆக்டிங்கா டபுள் ஆக்டிங்கா"னு ஒவ்வொரு ஸ்டால்லயும் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. அந்த நம்பர் சொல்லத் தெரியாத ஸ்டால்ல அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மாட்டி முடிச்ச அன்னைக்கு

பட்டறைய விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி 250 பார் கேஜ் ஒண்ண கப்ளர்ல சொருகி லிவர ரெண்டு மூணு செகண்டு மட்டும் புடிக்கச் சொல்லுங்க, ரிலீஃப் கத்துற இடத்துல முள்ளு எங்க நிக்குதுனு பாருங்க, மேனுவல்ல போட்டதுக்கு மேல போகக் கூடாது. அதுக்கு மேல ஏத்தி வெச்சு "பலம் கூட்டி விட்டிருக்கேன்"னு பெருமையா சொல்ற மெக்கானிக்குங்க உண்டு, அது உங்க பம்போட ஆயுசுல இருந்து எடுத்துக் குடுக்குற பலம். அப்புறம் லிஃப்ட்ல ரோட்டவேட்டர தூக்கிட்டு புது லிவர ஆட்டிப் பாருங்க, ரோட்டவேட்டர் இறங்கக் கூடாது. சிலிண்டர அஞ்சாறு தடவை லோடு இல்லாம நீட்டி மடக்கி உள்ள இருக்குற காத்த வெளிய விடுங்க, மடக்குன நிலைல ஆயில் லெவல் பாத்து ஊத்துங்க. நீட்டி வெச்சுட்டு ஃபுல் மார்க் வரைக்கும் ஊத்துனா மடங்கும்போது காத்து போய் வர்ற பிரீதர் ஓட்டை வழியா பொங்கும்.

லீக் இருக்கானு கைய வெச்சு தடவாதீங்க, இதை மட்டும் தயவு செஞ்சு வீட்டுல வண்டி ஓட்டுற எல்லாருக்கும் சொல்லிடுங்க. ஊசி முனை ஓட்டைல இருந்து 150 பார்ல வர்ற ஆயில் தோலக் கிழிச்சு உள்ள போயிடும். சின்ன புள்ளி தான் தெரியும், முதல்ல பெருசா வலி கூட இருக்காது, ஆனா உள்ள சதை அழுக ஆரம்பிச்சுடும், விரல் போன கதை இருக்கு. அட்டைத் துண்ட ஓட்டிப் பாருங்க, நனையுற இடம் தான் லீக். அப்படி குத்திடுச்சுனா மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு உக்காராதீங்க, அப்பவே ஆபரேஷன் வசதி இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போய் "பிரஷர் ஆயில் உள்ள போயிருக்கு"னு சொல்லுங்க.

டிப்பர தூக்கும்போது மேல கரண்ட் கம்பி, கீழ சமதரை, ரெண்டையும் பாருங்க. தூக்குன தொட்டிக்கு அடில ஜாக்கிய நம்பி தலைய விடக் கூடாது, ஸ்டாண்ட் ராடு செஞ்சு டிரெய்லரோடவே மாட்டி வைங்க, குழாய் வெடிச்சா தொட்டி கண் இமைக்கிற நேரத்துல கீழ வந்துடும்.

முதல் பத்து மணி நேரம் ஓடுனதும் எல்லா ஃபிட்டிங்கையும் ஒரு சுத்து இறுக்கிப் பாத்துட்டு ஹைட்ராலிக் ஃபில்டர மாத்திடுங்க, வால்வுலயும் புதுக் குழாய்லயும் இருந்த தூசி துரும்பு எல்லாம் அதுல தான் வந்து சேந்திருக்கும். கழட்டுன ஃபில்டர வெட்டிப் பாருங்க. ரப்பர் துணுக்கு கிடந்தா குழாய் வெட்டும்போது சரியா ஊதல, காந்தத்துல ஒட்டுற இரும்புத் தூள் நிறைய இருந்தா வண்டிய ஓட்டாம பம்ப கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.